தங்கள் தங்கையின் கொல்லர் இறந்தது குறித்து

நாகஓகா,
பனிக்காலம்

பெருமதிப்புக்குரிய மச்சான் யசுஹிகோ அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் எல்லோரும் இருமல் சளியின்றி இருக்கவும், தோட்டத்து ஆப்பிள் மரங்கள் பனியின் பாரத்தில் கிளை முறியாமல் நிற்கவும் வேண்டிக்கொண்டு, தங்கள் தங்கை சுமியேயின் கணவன் நொபோரு எழுதுவது. இங்கே பனி சன்னலின் பாதி வரை ஏறிவிட்டது. அங்கே அவோமோரியில் இதைப் பனி என்றே சொல்ல மாட்டீர்கள் என்பது தெரியும். நாங்கள் இருவரும் நலம், அதாவது உடம்பைப் பொறுத்தவரை.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கையின் இன்னொரு கணவர் சென்ற வாரம் காலமாகிவிட்டார். நான் சொன்ன யோசனையால்தான் காலமானார். பிறர் வாயால் கேள்விப்படுவதற்கு முன் நானே தெரிவித்துவிடுவது மரியாதை என்று பட்டது. பதற வேண்டாம். உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

நான் குடிநீர் வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றது தாங்கள் அறிந்ததே. எங்கள் மகள் மிசுஹோ ஒசாகாவிலிருந்து டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தாள். எதற்கம்மா இது என்று போனில் கேட்டேன். "சும்மா இருந்தா அம்மாவோட சமையலைத் திருத்த ஆரம்பிச்சிடுவீங்கப்பா, அதான்" என்றாள். கூடவே இரண்டு விளையாட்டுகளும் வந்தன. இரண்டும் நாமே ஒரு ஆளாக வேடம் பூண்டு, அந்த உலகத்துக்குள் வாழும் வகை. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், மற்றதைச் சுமியே எடுத்துக்கொண்டாள். காலையில் டிவி எனக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு என்று பங்கீடு. முப்பத்தெட்டு வருடக் குடும்பத்தில் வராத பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

என்னுடையதன் பெயர் 'ஏழு பாலங்களின் நாடு'. இளவரசன் ஒருவன் நாட்டை மீட்கப் புறப்படுகிறான், அவன் நான். கூடவே கொஹாரு என்று ஒரு மருத்துவப் பெண் வருகிறாள். வாய் கொஞ்சம் அதிகம், சோற்றை எப்போதும் தீய்த்துவிடுவாள், நம் காயத்துக்குக் கட்டுப் போடும்போது திட்டிக்கொண்டே போடுவாள். ஐந்தாவது பாலத்தில் இளவரசனுக்கு வந்த அம்பைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறாள். மச்சான், நான் அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன், ஆனால் மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சுமியே கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"மிசுஹோ கல்யாணத்துல அழல. உங்க அப்பா போனப்போ அழல. சோத்தைத் தீய்க்கிற ஒரு பொம்மைக்கு அழறீங்களா?"

"பொம்மை இல்ல, கொஹாரு."

"நானும்தான் சோத்தைத் தீய்ச்சிருக்கேன்."

மறுநாள் கதையை முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கொஹாருவுக்கு இருப்பதிலேயே நல்ல கவசம், மருந்தெல்லாம் அவள் பையில், பாலத்தில் அவளைக் கடைசி ஆளாக நிறுத்தினேன். எங்கிருந்தோ ஓடி வந்து அம்பை வாங்கிக்கொண்டாள். அந்தக் கதை அப்படித்தான். எழுதியவன் எழுதிவிட்டான், நாம் பட்டனை அழுத்திக்கொண்டு கூடவே நடக்க வேண்டியதுதான். ஆனால் எப்பேர்ப்பட்ட எழுத்து. அதுதான் கதை என்று நான் சுமியேயிடம் அடித்துச் சொல்லிவந்தேன்.

தங்கள் தங்கையின் விளையாட்டில் கதையே கிடையாது. மலையடியில் ஒரு கிராமம், அதில் ஒரு வீடு, ஒரு மாடு, முள்ளங்கிப் பாத்தி. கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், என்ன பதில் சொல்கிறோமோ அதற்கேற்ப ஊர் மாறும். யாரை வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்ளலாம். இவள் தொராகிச்சி என்ற கொல்லனைச் செய்துகொண்டாள். தோள் இரண்டும் சுவர் மாதிரி, அரும்பு மீசை.

"இவன்தான் கிடைச்சானா?" என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்கா? மாவுமில்காரருக்கு நாலு பிள்ளைங்க. பூசாரி குறட்டை விடுவாராம்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்தத் தொராகிச்சி ஒவ்வொரு சாயங்காலமும் பட்டறையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டு, "இன்னைக்குப் பொழுது எப்படிப் போச்சு? களைச்சுப் போயிட்டியா?" என்று கேட்பான். சுமியே அவனுக்கு உட்கார்ந்து பதில் தேர்ந்தெடுப்பாள். நான் அடியில் கணப்பு வைத்த அதே மேசையில், அதன்மேல் விரித்த அதே போர்வைக்குள் காலை நீட்டியபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். அவன் கேட்கும்போதெல்லாம் தாளை ஒரு தடவை உதறுவேன். அவனுக்கு அது காதில் விழவில்லை. அவன் பிறந்தநாளுக்கு இவள் மலையேறிப் போய் அபூர்வமான இரும்புக்கல் எடுத்துவந்து கொடுத்தாள். என் பிறந்தநாளுக்கு எனக்கு வந்தது காலுறை.

பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தது. மதகுக் கதவை ஆள் ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் ஊரின் நெற்களஞ்சியம் தப்பும், பிடிக்கிற ஆளை வெள்ளம் கொண்டுபோய்விடும் என்ற நிலை. தொராகிச்சி தானே போய் நின்றுகொண்டு, சொல்லு, பிடிக்கட்டுமா விடட்டுமா என்று இவளைத் திரும்பிப் பார்க்கிறான். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, தொராகிச்சியா நெல்லா?"

நான் தண்ணீர் இலாகாவில் உழைத்தவன். மதகு என்றால் என்ன, பொதுச்சொத்து என்றால் என்ன என்று தெரிந்தவன். "நெல்லுதான். ஊரு பட்டினி கிடக்கக் கூடாது" என்றேன். வாய் சொன்னது ஊருக்காக. மனசு என்ன நினைத்தது என்பதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த ஆரஞ்சு மிகவும் இனிப்பாக இருந்தது.

டிவியில் மழை. மதகில் யாரும் இல்லை. சுமியே கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைக்கும் மறுநாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை, கன்னத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், பேச்சும் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஹாருவைப் பறிகொடுத்த அனுபவத்தில் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அவள் வாயைப் பாதி திறந்து சொன்னாள்:

"உங்களது வேற. உங்களால ஒண்ணும் செய்ய முடியாது, அதனால நிம்மதியா அழலாம். இங்க நாமதான் அனுப்பினோம்."

'நாம' என்றாள், மச்சான். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. கொஹாருவுக்காக நான் வாளி வாளியாக அழுதிருக்கிறேன், ஆனால் குற்றம் என்று ஒரு சொட்டு இல்லை. இந்தத் தொராகிச்சியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அவனுக்காக ஒரு சொட்டும் அழவில்லை, ஆனால் குற்றம் மட்டும் வாளி வாளியாக. கதை இல்லாத விளையாட்டு என்று நான் கேலி செய்ததற்குள் இவ்வளவு பெரிய கதையை வைத்தது யார்? எங்கள் வரவேற்பறையிலேயே அல்லவா அது நடந்திருக்கிறது.

சரி, அவனைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா பார்ப்போம் என்று, சுமியே சேர்ந்திசைப் பயிற்சிக்குப் போன மதியம் அவள் விளையாட்டில் நுழைந்தேன். என் பழக்கம் தங்களுக்குப் புரிய வேண்டும். என் விளையாட்டில் யார் எது பேசினாலும் பட்டனை அழுத்தினால் கதை நகரும், 'ஆம்' என்பதைத் தவிர வேறு பதிலுக்கு வேலையில்லை. அதே கையோடு போனேன். பூசாரி என்னவோ கேட்டார், அழுத்தினேன். சுமியேயின் மாடு கோயிலுக்குக் காணிக்கையாகப் போய்விட்டது. பதறிப்போய் அதைத் திரும்பக் கேட்கலாமென்று ஊர்ப் பெரியவர்களிடம் ஓடினேன், அவர்கள் என்னவோ கேட்டார்கள், அழுத்தினேன். இனி ஊர்த்தலைவி சுமியே என்று முரசு கொட்டினார்கள். முரசுச் சத்தத்தில் கோழிகள் பிய்த்துக்கொண்டு ஓட, அவற்றைப் பிடிக்க மாவுமில் பக்கம் போனேன். மில்காரர் வாசலில் நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றி, மெல்லிய குரலில் நீளமாக ஏதோ பேசினார். மனுஷர் துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். அழுத்தினேன்.

பூ கொட்டியது. நாலு பிள்ளைகளும் ஓடி வந்து "அம்மா" என்று காலைக் கட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துச் சுமியே கதவைத் திறந்து, தோளில் பனியோடு வந்து நின்றாள். டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க பண்ணினீங்க?"

"உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டேன்."

"யாரோட?"

"மில்லுக்காரரோட."

"மாடு எங்க?"

"கோயில்ல. நீ ஊர்த்தலைவியும் ஆயிட்ட."

தங்கள் தங்கை நனைந்த மேலங்கியோடு தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிரிக்கிறாள், மச்சான். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "புருஷனைத் தேடிப் போன மனுஷன் புருஷனோட வந்திருக்காரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எங்கள் கல்யாணமான புதிதில் நான் குளத்தில் விழுந்தபோது சிரித்தாளே, அதற்குப் பிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டம்மா பனிவாரும் மண்வெட்டியோடு வந்து சன்னலைத் தட்டி, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து டிவியில் பங்கீடு இல்லை. மதியத்தில் இருவருமாக அவள் ஊரை ஆள்கிறோம். மில்காரர் வீட்டு நாலாவது பிள்ளை முள்ளங்கி தின்ன மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன பதில் சொல்வது என்று நேற்று தேநீர் ஆறிப்போகும் வரை வாதாடினோம். காலையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பாலங்களைக் கடக்கிறாள். ஐந்தாவது பாலம் வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற வழியே இல்லையா?" என்றாள்.

"இல்ல. எழுதினவன் வைக்கல."

"படுபாவி" என்று சொல்லிவிட்டு என் சட்டைக்கையில் மூக்கைத் துடைத்தாள். தங்கள் தங்கையை எழுதினவன் யாரோ, அவன் வாழ்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்வில் இப்போது மிசோ என்ற சோயா விழுதுச் சூப்பும் சோறும் நானே வைக்கிறேன். சாயங்காலம் கை கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்குப் பொழுது எப்படிப் போனது என்று அவளைக் கேட்கிறேன். முதல் நாள் கேட்கும்போது, காலமானவரின் வசனத்தைத் திருடுகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது அவள் சொல்லச் சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது. சேர்ந்திசையில் இவ்வளவு சண்டை நடக்கும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

ஆனாலும் ஒரு உயிர் போனது போனதுதான். தாங்கள் அவளுடைய அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர். தொராகிச்சி விஷயத்தில் என்னை மன்னிக்கலாமா என்பதைத் தாங்கள்தான் தீர்மானித்து எழுத வேண்டும்.

அண்ணியாருக்கு என் வணக்கங்கள். தங்கள் முதுகுவலி குறைந்து, வரும் வசந்தத்தில் மரமெல்லாம் பூத்துக் குலுங்கட்டும்.

பணிவன்புடன்,
குற்றவாளி மைத்துனன்
இகராஷி நொபோரு

பின்குறிப்பு: அண்ணா, நான் சுமியே. தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். வெள்ளத்தப்போ அவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே நான் 'பிடி'ன்னு பட்டனை அமுக்கிட்டேன். அந்தத் தொராகிச்சி நல்லவன்தான், ஆனா தினமும் அதே கேள்வி, அதே குரல். நான் வெள்ளாமை போச்சுன்னாலும் "நல்லது, நல்லது"ன்னு தலையாட்டுவான். எத்தனை நாளைக்குப் பொறுக்கறது? ஆனா நான் மட்டும் தனியா ஒரு ஆளை அனுப்பிட்டேனேன்னு மனசு கேக்கல, பழிக்கு ஒரு துணை இருக்கட்டும்னு இவரையும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சேன். மூக்கை உறிஞ்சினது ஜலதோஷம். சமைக்காததும் பேசாததும் கடைவாய்ப் பல்லு, பிடுங்கியாச்சு. இதெல்லாம் சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள சூப்பு வைக்க ஆரம்பிச்சுட்டார், நல்லாவும் வைக்கிறார். அதனால நீ உடனே மன்னிச்சிடாத. 'ரொம்ப வருத்தமா இருக்கு, யோசிச்சு வசந்தத்துல பதில் சொல்றேன்'னு கொஞ்சம் கடுமையாவே ஒரு கடுதாசி போடு.