பழுப்புப் பெட்டியில் போகும் ரயில்

பிரேமனில் மருந்துக்கடை நடத்தும் அன்புக்குரிய ஹெட்விக் பெரியம்மாவுக்கு, தங்கை மகள் தெக்லா மரியாதையுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். உங்கள் இடுப்பு வலியும் பெரியப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

முதலில் நல்ல சேதி. எங்கள் பொம்மை ரயில் கம்பெனி மூடப்படவில்லை. ஆகவே பேசியிருந்தபடி உங்கள் கடைக்கு வந்து நிற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு நீங்கள் இடம் கொடுக்க முன்வந்தது பெரிய மனசு. ஆனால் யாரோ ஒருவர் வந்து மூலத்துக்கு மருந்து கேட்பார், நான் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாக என்று கேட்க வேண்டும். அதை நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று. இங்கே பேக்கிங் அறையில் இன்ஜின்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் கம்பெனி இரண்டாவது தடவையாகத் திவாலாகி, நீதிமன்றம் அனுப்பிய ஆள் நாற்காலிகளைக்கூட எண்ணிவிட்டுப் போனாரல்லவா, அதன் பிறகு ஸ்டுட்கார்ட்டிலிருந்து நோத்தாஃப்ட் அம்மாள் வந்து கம்பெனியை வாங்கினார், கிறிஸ்துமஸ் விற்பனை கைகொடுக்காவிட்டால் ஈஸ்டரோடு கதவைச் சாத்துவேன் என்று முதல் நாளே சொன்னார், சொன்ன கையோடு எங்கள் அறைக்கு வந்து அடுக்கியிருந்த பழுப்புப் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஒன்றின் மேல் ‘தண்ணீர் வடிகட்டி’, இன்னொன்றின் மேல் ‘கொதிகலன் வால்வு’, மற்றொன்றின் மேல் ‘புல்வெட்டி பெல்ட்’. உள்ளே இருப்பதெல்லாம் ரயில்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள், வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வாங்குகிறவர்கள். மேலே என்ன எழுத வேண்டும் என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுவார்கள். இதை நான் சொல்லியிருக்கலாம். பேக்கிங் அறைத் தலைவி ரோஸ்விதா அக்காதான் சொன்னார்: “நம்ம பக்கத்துல பாதி வீட்டுல சண்டை இல்லாம இருக்குன்னா இந்தப் பெட்டியாலதாம்மா.” அந்த அம்மாள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, சிவப்புப் பெட்டி அச்சடிக்கச் சொல்லிவிட்டார். பெட்டி முழுக்கப் புகை விடும் இன்ஜின் படம், கண் தெரியாதவருக்கும் தெரிகிற அளவில்.

சிவப்புப் பெட்டிகள் புறப்பட்ட அதே வாரம் ஊரெல்லாம் கதவைத் திறந்தது மனைவிகள். வாங்கியவர்கள் தாழ்ந்த குரலில் போன் செய்து, அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவர் குளியலறையிலிருந்து பேசினாராம், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதாம். எங்கள் அறை திரும்பி வந்த பெட்டிகளால் நிறைந்து, நான் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன உருளைக்கிழங்கு சாலடை நின்றுகொண்டே தின்றேன். ஒவ்வொரு பெட்டி திரும்பும்போதும் உங்கள் மருந்துக்கடை எனக்குக் கிட்டே வந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை உல்மிலிருந்து ஒரு பஸ் நிறைய மனைவிகள் வந்து இறங்கினார்கள். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல், ரோஸ்விதா அக்காவுக்கு அன்றைக்கென்று அவர் குடியிருப்பின் படிக்கட்டைப் பெருக்கும் முறை, நோத்தாஃப்ட் அம்மாள் கதவுக்குப் பின்னால் போய்விட்டார், மிச்சம் இருந்தது நான்தான். பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் மேஜைமேல் பழைய பழுப்புப் பெட்டிகளை அடுக்கினார். “எங்க வீட்டுத் தண்ணி இவ்வளவு வருஷமா சுத்தமா வருதுன்னு நானும் நம்பிக்கிட்டிருந்தேன். சொல்லு பொண்ணே, இன்னும் என்னென்ன வாங்கியிருக்கார் அந்த மனுஷன்?”

நான் வாய் திறக்கவில்லை பெரியம்மா. திறக்க முடிந்தால்தானே. காது வரை சிவந்துபோய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேஜைமேல் காட்சிக்கு வைத்திருந்த ரயிலை ஓட்டும் குமிழைப் பிடித்துத் திருகிவிட்டேன். ரயில் கிளம்பிற்று. குகைக்குள் போயிற்று. அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. பச்சைக் கோட்டு அம்மாள் மெதுவாக என் கையைத் தள்ளிவிட்டுக் குமிழைத் தான் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் முறை கேட்டுச் சண்டை போட, பஸ்காரர் வெளியே ஹாரன் அடித்துச் சலித்துப்போனார்.

போகும்போது அந்த அம்மாள் என் காதருகே குனிந்தார். “இதே மாதிரி எனக்கு ஒண்ணு. தங்கச்சி வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. மேல திரைச்சீலைன்னு எழுதிடு. அவருக்குத் தெரியவே வேண்டாம்.”

அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. நோத்தாஃப்ட் அம்மாள் கதவிடுக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சிவப்பு அட்டையெல்லாம் பழைய காகிதத்துக்குப் போயிற்று, பழுப்புப் பெட்டி திரும்பி வந்தது. இப்போது ஒரே வீட்டுக்கு இரண்டு பெயரில் பெட்டி கட்டுகிறோம். கடன் கொடுத்த பாங்கியும் அவகாசம் கொடுத்துவிட்டது, ஈஸ்டரும் தாண்டிவிட்டது, எனக்கு வேலை நிரந்தரம். “வாயே திறக்காத பொண்ணு, இந்த வேலைக்குன்னே பொறந்தவ” என்கிறார் ரோஸ்விதா அக்கா. யார் என்ன வாங்கினார் என்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது. அப்பாடா என்று மூச்சு விடுகிறேன்.

போன கடிதத்தில் தெரிந்தவர் ஒருவருக்காக என்று நீங்கள் நீல இன்ஜின் விலையைக் கேட்டிருந்தீர்கள். கேட்டு எழுதுகிறேன். மருந்துக்கடையில் நல்ல வியாபாரமும் வீட்டில் நல்ல சமாதானமும் இருக்கட்டும். பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

பிரியமுள்ள
தெக்லா

பி.கு: அந்தத் தெரிந்தவரிடம் நீல இன்ஜின் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பணம் வீண். வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்குப் பெரியப்பா பெயரில் ‘இருமல் ஆவிக் கருவி’ என்று ஒரு பெட்டி வரும். பெரியப்பாவே பிரிக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நீல இன்ஜின் போதும்.