விலகாத மூன்றாம் பந்தி

அது வியாழக்கிழமையா, வெள்ளிக்கிழமையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக ஒரு நினைவு. பெய்யவே இல்லை என்கிறாள் உஸ்மா. பூந்தமல்லி கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் அவள் கணவன் ஜுல்ஃபிகர், திரையில் தாலி கட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் மட்டும் சந்தேகமில்லை.

உஸ்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னும் கட்டலியா?"

"பத்து நிமிஷமா கட்டிக்கினே கீறாரு."

போன் அடித்தது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து லோகநாயகி, மணப்பெண் பவித்ராவின் அம்மா.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுல எல்லாரும் வராங்க. வீடியோ வந்துடும்ல?"

"வந்துடும்மா."

"மாப்பிள்ளையோட அத்தை இருக்காங்களே, கல்யாணத்துல சாப்பிட வான்னு ஒருத்தரும் கூப்பிடல, பட்டினியா திரும்புனேன்னு மூணு மாசமா சொல்லிக்காட்டறாங்க. எம்பொண்ணு தட்டு முன்னாடி உக்காந்தாலே அந்தப் பேச்சுதானாம். பாதிச் சோத்துல எழுந்துடுறா. வீடியோல அத்தை முகம் நல்லா நாலு இடத்துல வர்ற மாதிரி போடுங்க தம்பி. மனசு குளிர்ந்துடுவாங்க."

ஜுல்ஃபிகர் போனை வைத்தான். பவித்ராவின் முகத்தை நாள் முழுக்க கேமராவில் பார்த்தவன் அவன். அவள் பாதிச் சோற்றில் எழுந்து போவது அவனுக்குத் தாங்கவில்லை.

தாலி பாதியில் நிற்கும் கோளாறு, எடுத்த படங்களையெல்லாம் வைத்திருந்த சேமிப்புப் பெட்டியில் இருந்தது. அதற்குள் நான்கு பெரிய டிஸ்க், எல்லாமே மெதுவானவை. அவற்றுக்கு முன்னால் சிறியதாக, வேகமான ஒன்று. எது அடிக்கடி கேட்கப்படுகிறதோ அதைப் பெட்டியே எடுத்து வேகமான டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் பின்னால் கிடக்கும்.

பெட்டியை விற்ற ஸ்ரீநாத் வந்து பார்த்தான்.

"இன்னா பாய், முன் டிஸ்க்கு ஃபுல்லா சோறு கீது!"

"இன்னாது?"

"ஆவடி கல்யாணம், மூணாவது பந்தி. யாரோ லிங்க்ல தெனம் ஆறு தபா தொறக்குறாங்க. உன் தாலி போய் பின்னாடி குந்திகினு கீது."

வெட்டாத படம் முழுவதையும் இரண்டு வீட்டுக்கும் லிங்க்காக அனுப்பி, எது வேண்டாம் என்று கேட்பது ஸ்டுடியோவின் வழக்கம்.

"லோகநாயகிம்மாதான். பொண்ணு கல்யாணத்துல போட்ட சாப்பாட்டை ஆசையா பாக்கறாங்க போல" என்றான் ஜுல்ஃபிகர்.

"லிங்க்கை மூடிடவா?"

"வேணா மாமே. ஒரு அம்மா சந்தோஷமா பாத்துகினு இருக்குது. பாவம்."

ஸ்ரீநாத் முன் டிஸ்க்கைத் துடைத்துவிட்டான். தாலி நகர்ந்தது. மதியத்துக்குள் மூன்றாம் பந்தி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

முன்னால் இரண்டு மடங்கு பெரிய டிஸ்க் மாட்டினான். இடம் தாராளமாகிவிட்டதைப் பார்த்த பெட்டி, பக்கத்தில் இருந்த முதல் பந்தி, இரண்டாம் பந்தி இரண்டையும் சேர்த்து அழைத்து வந்துவிட்டது.

"கடைசியா ஒரு வழி கீது பாய். நீ வேலை செய்யறதை டிஸ்க்கையே தொடாம மெமரில வெச்சுக்கும். 'எழுதிட்டேன்'னு உடனே சொல்லிடும். நிதானமா அப்பால எழுதும்."

"எழுதாமயே எழுதிட்டேன்னு சொல்லுமா?"

"ஆமா."

"என்னை மாதிரி" என்றான் ஜுல்ஃபிகர். சம்மதித்தான்.

வேலை பறந்தது. முகூர்த்தம் முழுவதும் முடிந்து, அத்தை முகம் சரியாக நாலு இடத்தில் வந்திருந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது, வெட்டித் தொகுத்த முகூர்த்தம் இல்லை. பெட்டி 'எழுதிட்டேன்' என்று சொல்லியிருந்ததே தவிர, எழுதியிருக்கவில்லை.

ஜுல்ஃபிகர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். உஸ்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எது ஓடுது?" என்று கேட்டாள்.

"பந்தி மட்டும்தான்."

"அப்ப அதைப் போடுங்க. அந்தம்மா தெனம் ஆறு தபா பாக்குறதுதானே?"

அப்படித்தான் தாலிக்கு மூன்று நிமிடமும் பந்திக்கு இருபத்திரண்டு நிமிடமும் கொண்ட கல்யாணப் படம் ஒன்று உருவானது. நாதஸ்வரம் சேர்த்தான். பந்தியில் அத்தையின் முகம் ஒன்பது இடங்களில் பளிச்சென்று கிடைத்தது. கேட்டதைவிட ஐந்து அதிகம் என்று மகிழ்ந்தான். அலுத்துப்போன கண்ணுக்கு முகம் மட்டும்தான் பட்டது. முகத்துக்குக் கீழே இருந்த இலை படவில்லை.

ஞாயிறு காலை ஆவடியில் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். நாலு மணிக்கு போன்.

"தம்பி!" லோகநாயகி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நீங்க நல்லா இருக்கணும்!"

"இன்னாம்மா ஆச்சு?"

"வீடியோல அத்தை ரெண்டாவது வடை கேக்கறாங்க, மூணாவது தபா பாயசம் ஊத்திக்கறாங்க, இலையில ஊத்துறதே நான்தான்! எனக்கே ஞாபகம் இல்ல, எத்தனை பேருக்குத்தான் ஊத்தினேன். வீடே கப்சிப். அவங்க எழுந்து, 'எனக்கு சுகர் இருக்கு, அது பாயசமே இல்ல, மோரு'ன்னாங்க. மாப்பிள்ளை சிரிச்சாரு பாருங்க! பவித்ரா இன்னிக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கிட்டா."

ஜுல்ஃபிகருக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்காகச் சாட்சி தேடி, தினமும் ஆறு தடவை அந்தப் பந்தியைப் பார்த்த தாய் மனதை நினைத்துக் கண் கலங்கினான்.

பிறகு எல்லாம் சாதாரணமாக முடிந்தது. பவித்ரா புகுந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள். லோகநாயகி இளைய மகள் கல்யாணத்தையும் ஜுல்ஃபிகரிடமே ஒப்படைத்தார். ஸ்ரீநாத் பெட்டியைப் பழைய மாதிரியே மாற்றிவிட்டுப் போனான். அத்தை இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்.

ஒரு நாள் மாப்பிள்ளை ஸ்ரீராம் ஆல்பம் வாங்க வந்தார்.

"உங்க மாமியார் கில்லாடிங்க" என்றான் ஜுல்ஃபிகர். "தெனம் ஆறு தபா லிங்க்கைத் தொறந்து, அந்தப் பந்தியைத் தேடிப் புடிச்சாங்களே!"

ஸ்ரீராம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவங்களுக்கு லிங்க்கைத் தொறக்கவே தெரியாதுங்க. எங்க அத்தைதான், தான் சாப்பிடற எடத்தை நீங்க வெட்டி எடுத்துட்டீங்களா, இன்னும் இருக்கான்னு தெனம் தொறந்து தொறந்து பாத்துகினு இருந்தாங்க."