பல்கலைக்கழகத்துக்குப் பூக் கேட்டோம்

முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. பகலில் தூங்குகிறவனுக்குக் காதுதான் கண். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி பானுமதியும் மகள் யமுனாவும். வீட்டில் பெண்கள் சத்தமாகச் சண்டை போட்டால் ஆண் புரண்டு படுக்கலாம். மெதுவாகச் சிரித்தால் உடனே எழுந்துவிட வேண்டும்.

எழுந்தேன். சிரிப்பு நின்றது.

விஷயம் இதுதான். யமுனா விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டாள். மேல்படிப்புக்கு இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. ஒன்று, மலையை விட்டு இறங்கினால் பக்கம். சனிக்கிழமை ஆனால் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று கடற்கரையில், ஒரு ராத்திரிப் பயணம். அங்கேதான் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படிப்பு இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்து, கல்லூரிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்கு அதன்மேல்தான் ஆசை.

எனக்குப் பக்கத்துப் பல்கலை. காரணம் கேட்டால் தரவரிசை என்பேன். சேந்தமங்கலத்தில், மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலைக்கு நான் ராத்திரி வாட்ச்மேன். விசில் ஊதிய நேரம் போக மீதியெல்லாம் படிப்புதான். எந்தப் பல்கலை எந்த இடம் என்று துணைவேந்தர்களே என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"நம்ம பக்கத்துல இருக்கறதுதான் மேல இருக்குது. ரேங்க்குன்னா சும்மாவா?" என்றேன்.

யமுனா போனை நீட்டினாள். "ஏனுங்கப்பா, அது பழைய பட்டியலுங்க. புதுசுல கடற்கரைதான் மேல."

பார்த்தேன். என் பல்கலை, கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி கீழே போயிருந்தது.

"ரேங்க்குல என்ன கண்ணு இருக்குது? எவனோ உக்காந்து எழுதறது."

பானுமதி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நேத்து வரைக்கும் ரேங்க்குதான் குலதெய்வம்னீங்க?"

"அது நேத்து."

"எங்கப்பன் ரேங்க்குப் பாத்துப் பொண்ணு குடுத்திருந்தா, நீங்க எங்கூட்டு வாசல்ல செருப்பக்கூடக் கழட்டியிருக்க முடியாதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். ரேங்க்கு முக்கியமில்ல!"

"அப்ப, புள்ள ஆசப்பட்டது முக்கியமுங்களா?"

இவளிடம் நான் ஜெயிக்கிற இடத்தில்தான் தோற்பேன்.

உண்மைக் காரணம் வேறு. காலையில் நான் இறங்கிய பஸ்ஸில்தான் யமுனா பள்ளிக்கு ஏறுவாள். அவள் விளையாடியபோது நான் தூங்கினேன். அவள் தூங்கியபோது யாருடைய கிழங்கு மாவுக்கோ காவல் இருந்தேன். என் மகள் வளர்ந்ததை நான் பஸ் நிறுத்தத்தில்தான் பார்த்தேன். இனி அதுவும் கிடையாதா? இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. தரவரிசையைச் சொல்லலாம்.

மறுநாள் வாசலில் பலாப்பழம் அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தோம். பாதிப் பழத்தில் எனக்கு யோசனை உதித்தது.

"சாமிகிட்டப் பூக் கேட்டுருவோம்."

கல்யாணமோ கிணறோ, முடிவு வராவிட்டால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வந்த நிறம்தான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

"வெள்ள வந்தா பக்கத்துல. செவப்பு வந்தா கடலு. சரியா?"

"சாமி சொன்னாச் சரிதானுங்க" என்றாள் பானுமதி.

இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாளே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"பூவு நானே பறிச்சுப் பொட்டலங் கட்டறேன்."

"கட்டுங்க. கையில பலாப்பிசினு இருக்குது, எண்ணெய் போட்டுத் தொடச்சுட்டுப் போங்க."

பழத்தின்மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு அவள் புடவை மாற்றப் போனாள். நான் கொல்லைக்குப் போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து வாழையிலையில் இறுக்கிக் கட்டினேன். சாமிக்கும் வேலை மிச்சம்.

கோயிலில் பூசாரி காளியண்ணன் சூடம் ஏற்றினார். "கேக்கறவங்க வாய்விட்டுச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். பானுமதி முந்திக்கொண்டாள்.

"சாமி, வெள்ளப் பூ வந்தா எம்புள்ள கடலுக்குப் போகட்டும். செவப்பு வந்தா பக்கத்துலயே இருக்கட்டும்."

"ஏம்புள்ள, மாத்திச் சொல்ற!"

"எப்படிச் சொன்னா என்னங்க? எடுக்கறது சாமிதானுங்களே?"

"இல்ல... வெள்ளன்னா பக்கத்துலன்னு..."

காளியண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, பொட்டலத்த இன்னும் தொடக்கூட இல்ல. உனக்கு ஏன் இப்பவே வேர்க்குது?"

"சூடம் பக்கத்துல எரியுதுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வேறு எது வரும்? வெள்ளை.

"ஏனுங்கப்பா! சாமியே சொல்லிருச்சு!" யமுனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூசாரி அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். அதற்குள் பானுமதி அதை எடுத்து முந்தானையில் முடிந்துவிட்டாள். "சாமி பூவுங்க. ஊட்டுல வெச்சுக் கும்பிட்டுக்கறேன்."

திரும்பி நடந்தோம். யமுனா பிடித்த கையை விடவில்லை. வழியெல்லாம் பேச்சு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். பவளம் கல் இல்லையாம், உயிராம். அவள் இவ்வளவு நேரம் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. நாளைக்கே பெட்டி கட்டுவாள் என்று தெரியும். ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. கொஞ்ச நாளாக நான் தூக்கிக்கொண்டு அலைந்தது பல்கலைக்கழகத்தை அல்ல போலிருக்கிறது.

வீட்டில், யமுனா தோழிக்குப் போன் செய்ய உள்ளே போனதும், பானுமதி முந்தானையை அவிழ்த்தாள். வெள்ளைப் பூ உதிர்ந்தது.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"நந்தியாவட்டச் செடிய மொட்டையடிச்சு வெச்சிருக்கறீங்க. செவ்வரளியில ஒரு பூக்கூடக் கொறையல."

"அவகிட்டச் சொல்லிட்டியா?"

"எதுக்குங்க? எங்கப்பா பாரத்தச் சாமிமேல போட்டுட்டாருன்னு புள்ள பெருமையா இருக்கறா. இருந்துட்டுப் போகட்டும்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவள் கூடையை நிமிர்த்திக் கத்தியை எடுத்தாள். "இனிமே சாமிய ஏமாத்தறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. ரெண்டு செடியிலயும் பறிக்கச் சொல்லியிருப்பேன்."

நான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மீதிப் பழத்தில் சுளை எடுக்க உட்கார்ந்தேன்.