இருபது மீட்டர் கறுப்புத் துணி

அன்பு மகன் முகமது அனஸுக்கு, லப்பைக்குடிக்காட்டிலிருந்து அத்தா ஹபிபுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஆஃப்ராவும் நலம். ஹால் நடுவில் ஓடும் பீம் மட்டும் நலமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஏற்பாடு செய்த பெரம்பலூர் இன்ஜினியர் வெற்றிச்செல்வி காலையிலிருந்து ஹாலிலேயே நிற்கிறார், காதும் கூர்மை. நாளை தோஹாவுக்கு வரும் ஆசிப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாடியில் உனக்கு ரூம் கட்டியதிலிருந்து பீமின் அடியில் விரிசல். அடுத்த மாதம் ஆஃப்ராவின் நிக்காஹ். ஊரே அந்த பீமுக்குக் கீழேதான் உட்காரப்போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்புத் தூண் வைத்து முட்டுக் கொடுப்பார்கள் என்று பார்த்தால், இந்தம்மா கார்பன் நூலாம், ஒரு சுருள் கறுப்புத் துணியோடு வந்து, பசை தடவி பீமுக்கு அடியில் ஒட்டினால் போதும் என்கிறார். நாற்பது வருஷம் துணிக்கடை நடத்துகிறவனிடமா? ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியென்றால் காகித வாசம் வரும், பாலியஸ்டரென்றால் உருகி உருண்டையாகும். இது சிவந்துவிட்டு மறுபடி கறுப்பாகவே நிற்கிறது. நெசவைப் பார்த்தால் நீளவாக்கில்தான் நூல், குறுக்கே ஊடையே இல்லை. "பாதித் துணியக் காட்டி முழுத் துணிங்கிறீங்களேம்மா"ன்னு கேட்டேன். "பீம் நீளவாக்குலதான் இழுபடுது பாய், நூலும் அப்படியே ஓடுது. கம்பிய விட இழுவை தாங்கும்"னு சொல்லிட்டுச் சிரிக்குது. துணி வெட்டுகிற யாரையும் நான் நம்புவதில்லை. தையல்காரர் அய்யாக்கண்ணு தெரியும்தானே? "சட்டைக்குத் துணி பத்தலை பாய்" என்று யார் கடைக்கு வந்தாலும், அவர்தான் துணியை அடிக்கிறார் என்று சொல்லியனுப்புவேன். நிக்காஹ் பத்திரிகைகூட அவருக்குக் கிடையாது.

கடைசியில் இன்ஜினியரையும் கையும் களவுமாகப் பிடித்தேன். சுருளில் இருபது மீட்டர் என்று போட்டிருந்தது. கடையிலிருந்து நம் மீட்டர் கோலைக் கொண்டுவந்து நானே அளந்தேன். இருபத்தொன்று! மறுபடி அளந்தேன், அதே இருபத்தொன்று. யாராவது ஒரு மீட்டர் சும்மா கொடுப்பார்களா? நான் இத்தனை வருஷத்தில் ஒரு விரற்கடை கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. மறுமையில் பதில் சொல்லவேண்டிய விஷயம். கூடுதலாகக் கொடுக்கிறவர் எதையோ மறைக்கிறார். வேலையை நிறுத்திவிட்டேன். நிக்காஹை மண்டபத்துக்கு மாற்றுகிறேன். நீயே போன் போட்டு அவரைப் போகச் சொல்லிவிடு.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், ஆளைப் பார்த்ததும் எடைபோடும் புத்தியையும் தரட்டும். வஸ்ஸலாம்.

உன் அத்தா,
ஹபிபுல்லா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வெற்றிச்செல்வி வந்து, நம் கோலுக்குப் பக்கத்தில் தன் டேப்பை நீட்டி வைத்தார். இந்தமுறை சிரிக்கவில்லை. கோல் மூன்று விரற்கடை குறைச்சல். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் முனையிலிருந்த பித்தளைப் பூண் கழன்று, நான் கட்டையைச் சீவி மறுபடி மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை வருஷம், அனஸ்! துணியை ஒட்டச் சொல்லிவிட்டேன். நிக்காஹ் நம் வீட்டிலேயே. பீம் தாங்குமாம், எழுதியே கொடுக்கிறார். நான் தாங்குவேனா தெரியவில்லை. வருகிற அத்தனை பேரும் நம் கடையில் துணி எடுத்தவர்கள். போனை எடுத்திருந்தால் வைத்துவிடு, யாரையும் போகச் சொல்லாதே. வரும்போது ஒரு நல்ல மீட்டர் கோல் வாங்கி வா. முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நான் அய்யாக்கண்ணு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.