ஒன்பதரை மீட்டர் பாய்

ஏரியின் நடுவில் ராஜசேகர் நின்றுகொண்டிருந்தார். அதுதான் பிரச்சினை. காலுக்குக் கீழே இருந்த பலகை ஓடியிருக்க வேண்டும். கையில் பிடித்திருந்த பாய் காற்றை வாங்கி அதை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இரண்டும் கெலமங்கலம் பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தன.

ஸ்வாதி அவரைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் "குட் மார்னிங் சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜசேகர் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தர ஆய்வு மேலாளர். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்வாதி பெங்களூரிலிருந்து வந்து டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். கோவா சுற்றுலாவில் கற்றுக்கொண்ட விண்ட்சர்ஃபிங் வித்தையை நம்பி, அந்தப் பெண்ணைப் பந்தயத்தில் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று கேன்டீனில் வாய்விட்டுவிட்டார். கார்த்திகைக் கடைசி ஞாயிறு போட்டி, அதுவரை இந்த ஏரியில் பயிற்சி. தோற்பவர் மதிய ஷிப்ட் மொத்தத்துக்கும் சாம்பார் ஊற்ற வேண்டும். அவரிடம் பாகத்தைத் திருப்பி வாங்கி, வசவும் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேரும் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கரையில் மைத்துனன் மணிவேல் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்தான்.

"காத்து பத்தல மாமா. லேசான காத்துக்கு ஆறரை மீட்டர் பாய் எந்த மூலைக்கு? உங்க ஒடம்புக்குப் பெருசு வேணும்."

'உங்க ஒடம்புக்கு' என்பதை ராஜசேகர் பெருந்தன்மையோடு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏழரை சதுர மீட்டரில் ஒன்று வாங்கினார்.

"அப்பவே நெனச்சேன். ஏழரையைக் காசு குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஒரே ஆம்பள நீங்கதான்" என்றாள் மனைவி மேகலா.

பழைய ஆறரையை எங்கே வைப்பது? அபார்ட்மெண்டில் செருப்பு வைக்கவே இடமில்லை. மாமனார் திம்மராயன் நாட்றாம்பாளையத்திலிருந்து போன் செய்து, மாட்டுக்கொட்டகையில் பத்திரமாகப் போட்டு வைப்பதாகச் சொன்னார். மருமகனின் விளையாட்டில் இத்தனை அக்கறை காட்டும் மாமனார் யாருக்கு வாய்க்கும் என்று ராஜசேகர் உருகிப் போனார்.

ஏழரையும் நகரவில்லை. பாய் பெரிதானதும் கம்பம் குட்டையாகிவிட்டது. புதுக் கம்பம் வாங்கினார். அது ஹாலில் தொடங்கிப் படுக்கையறையில் முடிந்தது. அன்றிலிருந்து அந்த அறைக் கதவைச் சாத்த முடியவில்லை. மேகலா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மணிவேல் மறுபடி விரலை நனைத்தான். ஏழரை மாமனாரின் கொட்டகைக்குப் போனது, எட்டரை வந்தது. எட்டரைக்குப் பலகை போதவில்லை. அகலமான பலகை வந்ததும் அதன் அடியில் இருக்கும் துடுப்பு போதவில்லை. பாய்க்குக் கம்பம், கம்பத்துக்குப் பலகை, பலகைக்குத் துடுப்பு என்று வாங்கி முடித்தபோது, ராஜசேகர் ஏரிக்கு நடுவில் அதே இடத்தில், முன்பைவிட ஆடம்பரமாக நின்றுகொண்டிருந்தார்.

ஸ்வாதிக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

"ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க சார். காத்து வரும்போது பாயை ரெண்டு தடவை வீசி இழுத்தா பலகை தானா கெளம்பும். பாயை மாத்தாதீங்க, கையை மாத்துங்க."

எதிராளி சொல்லும் யோசனையை எவனாவது கேட்பானா? ராஜசேகர் சிரித்து மழுப்பிவிட்டு, கரைக்கு வந்ததும் மணிவேலிடம் இருப்பதிலேயே பெரிய பாய் எது என்று விசாரித்தார்.

"ஒன்பதரை. காத்தே இல்லாத எடத்துல பறக்கும் மாமா. அப்பாவும் அதைத்தான் சொன்னாரு."

ராகியைத் தவிர வேறெதையும் அறியாத மாமனாருக்குப் பாயின் அளவு எப்படித் தெரிந்தது என்று ராஜசேகர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டரையையும் அவர் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, போட்டியைப் பார்க்க அவசியம் வர வேண்டும் என்று அவரை அழைக்க மட்டும் செய்தார். ராகிக் கதிர் முற்றும் பருவம், காட்டை விட்டு நகர முடியாது மாப்பிள்ளை என்று அவர் வருத்தப்பட்டார். ஆனால் போட்டி எப்போது முடியும் என்பதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

போட்டியன்று கேன்டீன் கூட்டம் முழுக்கக் கரையில் இருந்தது. சிலர் தட்டோடு வந்திருந்தார்கள். ஒன்பதரை மீட்டர் பாய் விரித்தபோது ஆரஞ்சு நிறத்தில் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. தண்ணீரில் கிடந்த அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் ராஜசேகருக்கு இடுப்பு விட்டுப் போனது. ஸ்வாதி அவருக்காகக் காத்திருந்தாள். அதைவிட அவமானம் எதுவும் இல்லை.

விசில் அடித்தார்கள். கார்த்திகை மாதம் முழுக்க வராத காற்று, அஞ்செட்டி மலைப்பக்கமிருந்து அந்த நிமிடம் பார்த்து இறங்கியது.

ராஜசேகர் பறந்தார். மணிவேல் சொன்னது பொய்யில்லை. முதல் முறையாக ஸ்வாதியை முந்தினார். எல்லைக்கொடியையும் முந்தினார், அதற்குமேலும் போனார். பாயை விடவும் தெரியவில்லை, திருப்பவும் தெரியவில்லை. எதிர்க்கரை கோரைப் புதருக்குள் தலைகுப்புற விழுந்துதான் நின்றார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த எருமை எழுந்து வேறு இடம் போனது.

ஸ்வாதி கொடியைச் சுற்றி நிதானமாகத் திரும்பி வந்து ஜெயித்தாள். கரையில் தட்டுகள் தாளம் போட்டன.

பரிசலில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கரையில் சேறு சொட்டச் சொட்ட உட்கார்ந்தபோது ராஜசேகருக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு ஒவ்வொரு தட்டாகக் குனிந்து சாம்பார் ஊற்ற வேண்டும். காய் கம்மி என்று எவனாவது கரண்டியைத் திருப்பி அனுப்புவான்.

மணிவேல் பக்கத்தில் குந்தி அவர் தோளைத் தடவிக் கொடுத்தான். "மனசு விட்டுறாதீங்க மாமா. இன்னிக்குக் காத்து அதிகம், பாய் பெருசாப் போச்சு. இதை ஊருக்கு அனுப்பிட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்."

மனம் உடைந்தவர் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்? ராஜசேகரும் ஆட்டினார்.

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. மாமனாரின் பக்கத்துக் காட்டுக்காரி நாகம்மாள் இறங்கினாள். சேற்றில் கிடந்த மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை. பாயைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மணிவேலு, மாமா தோத்தாச்சில்ல? அந்தப் பெரிய துணிய வெரசா கழட்டி ஏத்து. மூணு மூலையில கட்டினது படபடன்னு அடிக்கறதுல யானை கிட்டயே வர்றதில்ல, நாலாவது மூலையிலதான் பூந்து ராகியத் திங்குதுன்னு உங்கப்பாரு தூங்காம கெடக்குறாரு."