ஃபேன் வேண்டாத ஊர்

வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். தபாலில் எழுதிய பொய் ரயிலேறி வந்து நம் வீட்டு நாற்காலியிலேயே உட்காரும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை (படித்தது எட்டாவது வரைதான்), பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அப்பா காலமாகிவிட்டதால் தங்கை வேதாவின் கல்யாணம் என் பொறுப்பு. இரண்டு வரன்கள் வந்து, பஜ்ஜி தின்று, பதில் எழுதாமலே இருந்துவிட்டன. மூன்றாவது வரன் மதராஸ். பிள்ளையின் தகப்பனார், "எனக்கு உஷ்ணம் ஆகாது. வைகாசியில் வரலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நான் மைசூர்க்காரன். ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் எங்களுக்கு நாக்கும் நிற்காது, பேனாவும் நிற்காது. "எங்கள் ஊரில் ஃபேன் என்ற வஸ்துவே வேண்டாம். வைகாசியிலும் போர்வை தேவைப்படும்" என்று எழுதிவிட்டேன்.

அந்த வருஷம் பார்த்து கோடை மழை ஏமாற்றிவிட்டது. கூரை ஓடு கொதித்தது. புழுக்கத்தில் கூடத்துப் பெருமாளுக்குச் சாற்றிய சந்தனமே வழிந்தது. ஃபேனை வாடகைக்கு எடுத்தால் வாடகை, கரண்டு இரண்டையும் என் குமாஸ்தா சம்பளம் தாங்காது. தாங்கினாலும், ஃபேனைப் பார்த்த நிமிஷமே என் கடிதத்தின் வண்டவாளம் தெரிந்துவிடும். வெட்டிவேர்த் தட்டி விலையைக் கேட்டதும் எனக்கு இன்னும் அதிகமாக வியர்த்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் என் மனைவி அலமேலு பெருமாளுக்குக் காசு முடிந்துவைப்பாள்.) ஒரு மண்டியில் எட்டுப் பழைய கோணிகளைச் சும்மாவே கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கட்டி நனைத்துவிட்டால் காற்று குளிர்ந்து வரும். உள்ளே திரை போட்டால் யாருக்கும் தெரியாது.

"ஏன்னா, என்ன மண்டிக் கோணி இது? உதறிப் பாத்தேளா?" என்றாள் அலமேலு.

"கோணிக்குமா கோத்திரம் கேப்பா? நீ சும்னே இரு" என்று கன்னடம் கலந்து அடக்கினேன்.

தகப்பனாரும் பிள்ளையுமாக வந்தார்கள். தகப்பனார் கனத்த சரீரம். மேலே அங்கவஸ்திரம் மட்டும். ஜன்னலடி நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். சிலுசிலுவென்று காற்று.

"நீர் எழுதினது வாஸ்தவம்தான் ஓய்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. பெருமாள் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பெருமாள் அனுப்பினார். திரை விலகியது, கோணி கம்பியில் அறைந்தது, பழுப்பாக ஒரு தூறல் அவர் முதுகில் விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "பாகு வாசனைன்னா அடிக்கறது?"

அது வெல்ல மண்டி. காலையிலிருந்து நான் ஊற்றிய தண்ணீரில், கோணியில் ஒட்டியிருந்த வெல்லமெல்லாம் கரைந்து சுவரில் வழிந்திருந்தது. அதே வழியாக எறும்புகள் பிரபந்த கோஷ்டி மாதிரி வரிசை கலையாமல் ஜன்னலேறி, திரையிறங்கி, நாற்காலிக்கு எழுந்தருளிக்கொண்டிருந்தன. கறுப்பாக இருந்தாலாவது சாமி எறும்பு, கடிக்காது. வந்தவை செவ்வெறும்பு.

அவர் எழுந்தார். அங்கவஸ்திரம் நாற்காலியை விட்டு வர மறுத்தது. கூடத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை நான் வர்ணிக்கக் கூடாது, பெரியவர்கள் விஷயம். பிள்ளை ஒரு பக்கம் தட்டிவிட, நான் மறுபக்கம் விசிறினேன். (விசிறினால் எறும்பு போகாது.)

சொஜ்ஜித் தட்டோடு வந்த வேதா ஒரு கணம் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். கோணி நனைக்க நான் வைத்திருந்த குடத்தைத் தூக்கி, அவர் தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

மூன்றாவதும் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சொட்டச் சொட்ட நின்றவர், முகத்தை வழித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஃபேன் வேண்டாம்னு எழுதினீர், சரி. எறும்பு உண்டுன்னு ஒரு வரி சேத்திருக்கப்படாதோ?" பிறகு பிள்ளையிடம், "ஆம்பளைகள் மூணு பேரும் குதிச்சிண்டு நின்னோம். காரியம் பண்ணினது இவ ஒருத்திதான். எனக்குச் சம்மதம்டா. நீ என்ன சொல்றே?"

பிள்ளை சொஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். பதில் எழுத வேண்டிய வேலையே இருக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். சம்பந்தி எங்களுக்குக் கொடுத்த சீர் ஒரு மேஜை ஃபேன். கரண்டுக்குப் பயந்து, அவர் வரும்போது மட்டும் போடுவோம். இன்றைக்கும் மதராஸிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், எங்கள் எல்லோர் க்ஷேமத்தையும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "எறும்புகள் சௌக்கியமா?"

பதில் எழுத என்னை விடுவதில்லை. அலமேலுதான் எழுதுகிறாள்.