கண்ணாடியை ஏற்றிவிட்டு நடத்திய பாடம்

அறிவாளி என்று காட்டிக்கொள்ளத் துடிப்பவனை எண்ணெய் தேய்த்து உட்கார வைக்கவே கூடாது. அப்படி உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வடகரையில் செல்வியைப் பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்தது, அவளுக்கும் பிடித்ததாம். (இப்போது மறுக்கிறாள்.) சம்மதம் சொல்ல வேண்டியவர் அவள் அப்பா, ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா. விசாரிக்காமல் எதையும் முடிக்காத மனிதர்.

“குத்தாலத்துல ஒரு குளியல் போட்டுட்டு வருவோமா தம்பி?” என்றார். அந்தத் ‘தம்பி’யை எப்படியாவது ‘மாப்ளே’ ஆக்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த நண்பன் சாகுல் கார் ஓட்டினான். ஐந்தருவிக்குப் போய் மூவரும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து முடித்தோம். அந்த நேரம் பார்த்து, மலையில் பெருமழை, குளிக்கத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். மழை மலையில்தான், கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. குரங்குகள் வேறு எங்கள் துணிப்பையை நோட்டம் விட்டன. காருக்குள் ஏறினோம். நான் கண்ணாடிகளை ஏற்றினேன். சாகுல் ஏசியைப் போட்டான்.

நான் சும்மா இருந்தேனா?

“ஏலே, நிக்கிற வண்டிக்கு எதுக்குலே இஞ்சின்? இந்தப் புகைதாம்லே பூமியச் சூடாக்குது. ஆஃப் பண்ணு!”

சாகுல் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துக்கொண்டு, தடை எப்போது நீங்கும் என்று விசாரிக்கப் போய்விட்டான்.

“அதெப்பிடித் தம்பி பூமி சூடாகுது?” என்றார் ஏட்டையா.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் நான். “வெயிலு உள்ள வருது மாமா. தரை சூடாயி அந்தச் சூட்ட மேல அனுப்புது. காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடு, நீராவியெல்லாம் அதுல ஒரு பங்கப் பிடிச்சுத் திருப்பி விடுது. அதுவும் இல்லன்னா நாம உறைஞ்சிருவோம். ஆனா நாம நிலக்கரி, பெட்ரோல்னு எரிச்சு எரிச்சு கார்பன் டை ஆக்சைடு அளவக் கூட்டிட்டோம், அது பிடிக்கிற சூடும் கூடிப்போச்சு. இந்தக் காருக்குள்ள நடக்குற கதை வேற. சூடான காத்து வெளிய போக முடியாம அடைஞ்சு கெடக்கு. ஆனா அவதி ஒண்ணுதான்!”

ஏட்டையாவின் மூக்கு நுனியில் எண்ணெய் சொட்டியது. மீசை தொங்கிவிட்டது.

“கண்ணாடிய ஏத்துனது யாரு?”

“நான்தான் மாமா.”

“அப்ப நீங்களே எறக்குங்க!”

பொத்தானை அமுக்கினேன். சாவி இல்லாமல் எங்கே இறங்கும்? பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். நான் இறங்குவதற்குள் ஒரு குரங்கு உள்ளே ஏறியது. ஏட்டையா போட்ட அலறலில் சாகுல் ஓடிவந்தான். அதற்குள் எங்கள் மூவரின் சட்டை வேட்டியும் பையோடு மர உச்சிக்குப் போய்விட்டன.

துண்டோடு, எண்ணெய் வழிய வடகரையில் இறங்கினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. செல்வி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

“ஏட்டி, சிரிச்சது போதும். மாப்ளைக்கு வெந்நி போடு!” என்றார் ஏட்டையா. “ஏத்துனது யாருன்னு கேட்டதும் ஒத்துக்கிட்டாரு. என் சர்வீஸ்லயே அப்பிடி ஒருத்தனப் பாத்ததில்ல.”

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது விளக்க வாயைத் திறந்தால் செல்வி வாதாடுவதில்லை. எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்துகிறாள். மகள் ஃபேனை அணைக்கிறாள்.